எண்ணெய், கஞ்சி, மார்ஃபின்: ராயபுரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி ஆண், வயது 72. துறைமுகத்தில் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பு, கீழ் முதுகெலும்பு, வலது தொடையெலும்பு வரை பரவியிருந்தது. ஹார்மோன் ஊசி, தாங்க முடியாமல் பாதியில் நின்ற கீமோ, முதுகுக்குக் கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின், இனி வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று அரசு மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீடு கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம், வாரியக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, லிஃப்ட் கிடையாது. மனைவி, மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

மகன்தான் என் ஆயுர்வேதக் கிளினிக்குக்கு வந்தார். "இங்கிலீஷ் மருந்த வுட்டுட்டு ஆயுர்வேதத்துல பாக்கலாமா டாக்டரம்மா? அந்த மாத்திர போதையாமே" என்று கேட்டார். வடசென்னையில் ஆயுர்வேதம், சித்தா எல்லாமே மக்களுக்கு 'நாட்டு மருந்து'தான். நாட்டு மருந்து என்றால் பக்க விளைவு இருக்காது, நிறுத்தியதையெல்லாம் அதுவே ஈடுகட்டும் என்றொரு நம்பிக்கையும் கூடவே வரும். நான் ஒரே நிபந்தனை சொன்னேன்: மார்ஃபின் நிற்காது, அரசு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைக் குழுவின் செவிலியர் வருவதும் நிற்காது. அதற்குச் சரி என்றால் வருகிறேன்.

முதல் நாள்

அவர் சுவரோரம் மல்லாந்து கிடந்தார். புரண்டால் வலிக்கும் என்பதால் புரட்டுவதே இல்லை. முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கிற இடத்தில், தோல் உரிந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். வாய் வறண்டு நாக்கில் வெள்ளைப் படலம். இரண்டு பாதத்திலும் எரிச்சல். கீமோவுக்குப் பிறகு வந்தது என்றார். ராத்திரி தூக்கம் இல்லை. வயிறு உப்பியிருந்தது, ஆனால் "ரெண்டு நாளா தண்ணியா போவுது" என்று அம்மா, அதாவது அவர் மனைவி, சொன்னார். அதற்காக மாதுளை ஓட்டைக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கினேன். 10 மில்லிகிராம் மார்ஃபின், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, படுக்கும்போது இரண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர்கள் கொடுத்ததோ, அவர் கத்தும்போது மட்டும், அதுவும் பாதி. அடிமையாகிவிடுவார், உயிரைச் சீக்கிரம் கொண்டுபோய்விடும் என்ற பயம். ஆக அந்த வீட்டில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் செய்த முதல் சிகிச்சை, பேரனின் கைப்பேசியில் நான்கு மணிக்கொருமுறை அலாரம் வைத்ததுதான்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எலும்பில் பரவிய புற்றுநோய் வலிக்கு எங்கள் மருந்துப் பெட்டியில் மார்ஃபினுக்கு ஈடான ஒன்று கிடையாது. வலி வந்தபின் துரத்தாமல், வருவதற்கு முன்பே வேளை தவறாமல், முடிந்தவரை வாய்வழியே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்காக வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படை. வலிக்கு அளந்து கொடுக்கும் மார்ஃபின் போதைப் பழக்கத்தில் கொண்டுபோய் விடுவது அரிது. அளவோடு கொடுத்தால் உயிரையும் குறைக்காது. வலி அடங்காதவரை ஒருவர் எண்ணெய் தொட விடமாட்டார், கஞ்சி குடிக்கமாட்டார், தூங்கமாட்டார். நான் செய்ய நினைத்த எல்லாமே அந்த வெள்ளை மாத்திரைக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

வயிறு

'தண்ணியாப் போவது' வயிற்றுப்போக்கு இல்லை என்று தோன்றியது. மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும். மலச்சிக்கல் அநேகமாக எல்லாருக்கும் வரும். மலம் இறுகி அடைத்துக்கொள்ளும்போது அதன் ஓரமாக நீர் மட்டும் கசிந்து வெளியேறும். பார்க்கிறவருக்கு அது பேதி மாதிரி தெரியும். அதற்கு மாதுளை ஓடு போன்ற துவர்ப்பைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். இன்னொரு பக்கம், பக்கத்து வீட்டு ஆயா விளக்கெண்ணெய் யோசனை சொல்லியிருந்தார். குடலில் அடைப்பு உண்டா இல்லையா என்று தெரியாமல் பேதிக்குக் கொடுப்பது ஆபத்து.

செவிலியர் வரும்வரை எதுவும் கொடுக்கவேண்டாம் என்றேன். அவர் கையுறை போட்டுச் சோதித்தார். மலக்குடலில் கல் மாதிரி இறுகியிருந்தது; குடல் அடைப்புக்கான அறிகுறி இல்லை என்று குழு மருத்துவரும் உறுதிசெய்தார். அதன் பிறகுதான் எண்ணெய். இடது பக்கம் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தன்வந்தரம் தைலம் சுமார் 60 மில்லி, ஆசனவாய் வழியாக, மெதுவாக. இதற்கு எங்கள் நூல்களில் மாத்ரா வஸ்தி என்று பெயர். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் பத்தியம் இல்லாமல் கொடுக்கக்கூடியது. கீமோ நின்று மாதங்கள் ஆகி, ரத்த அணுக்கள் சரியாக இருந்ததால்தான் அதற்கும் துணிந்தோம். இரவு இளகியது, காலையில் செவிலியர் மிச்சத்தை எடுத்தார். அப்புறம் தினமும் லாக்டுலோஸும் பைசகோடிலும் (இரண்டும் மலமிளக்கி) என்று குழு எழுதிக்கொடுத்தது. அதில் நான் சேர்க்கவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

வயிறு இறங்கியதும் மனிதர் முகமே மாறிவிட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்த்து, "நீ யாரு பொண்ணும்மா?" என்று கேட்டார்.

எண்ணெய்

ஆயுர்வேதம் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது எண்ணெய்த் தேய்ப்பு. இங்கே அதில்தான் அதிக எச்சரிக்கை தேவைப்பட்டது. தொடையெலும்பில் பரவல் இருக்கிறது, அழுத்தினால் ஒடியலாம். முதுகில் கதிர்வீச்சு பட்ட தோல். ஆகவே முதுகு, இடுப்பு, வலது தொடை மூன்றும் விலக்கு. ஒத்தடம், வேது கிடையாது. அமுக்கிப் பிடிப்பது எங்குமே கிடையாது. உள்ளங்கை எடை மட்டும் விழும்படி கைகள், தோள், தலை, முழங்காலுக்குக் கீழ், பாதம். க்ஷீரபலா தைலம் எடுத்தேன். குறுந்தொட்டி வேர், பால், நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவது, வாசனை அதிகம் இராது. நோயாளிக்கு வாசனையே குமட்டலாகிவிடும் காலம் அது.

தேய்த்துக் குளிப்பாட்டுவதெல்லாம் இரண்டாம் மாடியில், குடத்தில் தண்ணீர் ஏற்றும் வீட்டில் நடக்காத காரியம். அரை மணி கழித்து வெந்நீரில் பிழிந்த துண்டால் ஒற்றி எடுத்தோம். தரையில் ரெக்ஸின் விரிப்பு. எண்ணெய் சொட்டினால் வழுக்கும், யாராவது விழுவார்கள். அதனால் பழைய லுங்கியை மடித்துக் கீழே போடச் சொன்னேன். நூலில் இதெல்லாம் இல்லை.

ராத்திரி பாதத்துக்கு மட்டும் தனியாக. ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 5ஆம் அத்தியாயம், பாதத்தில் எண்ணெய் தடவினால் சொரசொரப்பு, விறைப்பு, வறட்சி, களைப்பு, மரமரப்பு உடனே தணியும் என்கிறது. இவருக்கு மரமரப்போடு எரிச்சலும் இருந்ததால், படுக்கப் போகும்முன் சததௌத கிருதம் பூசினோம். பசுநெய்யைச் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கையால் தேய்த்து, தண்ணீரை வடித்து, மறுபடி விட்டு, இப்படி நூறு முறை கழுவுவது. மஞ்சள் நெய் வெளுத்து, கனத்து, கடைசியில் முகத்துக்குப் பூசும் ஸ்னோ மாதிரி ஆகிவிடும். மருமகள் அவர் கல்யாணத்துக்கு வந்த செம்புத் தவலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மடமடவென்று வடித்து ஊற்றும்போது மாமனார் படுத்த இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார். சரக்கு எண்ணிப் பழகியவர், நடுவில் மருமகள் ஒன்றை விட்டுவிட்டதையும் பிடித்துவிட்டார். எரிச்சல் முழுதாகப் போகவில்லை. போர்வை பட்டாலே காலை இழுத்துக்கொண்டிருந்தவர், போர்வையைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தார்.

மகன் அதுவரை அப்பாவைத் தொடப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றவர். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்து எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று காட்டியபின், அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மருந்தின் குணம் எவ்வளவு, மகன் கையின் குணம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கவேண்டிய அவசியமும் இங்கே இல்லை என்பது என் கட்சி.

ஒரு நாள் காலை மகன் போன் செய்தார்: இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது, எண்ணெய் போட்டு உருவி விடட்டுமா? தொடவே கூடாது என்றேன். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், அதுவும் படுத்த படுக்கையான புற்றுநோயாளிக்கு என்றால் காலின் ரத்தநாளத்தில் ரத்தக்கட்டாக இருக்கலாம். உருவினால் அந்த ரத்தக்கட்டு நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். டாப்ளர் ஸ்கேனில் அதுதான் என்று தெரிந்தது. ரத்தம் இளக்கும் ஊசி போடுவதா, எத்தனை நாள் என்பதைக் குழு மருத்துவரும் குடும்பமும் பேசி முடிவுசெய்தார்கள். அந்தக் காலுக்கு எண்ணெய் அதோடு முடிந்தது.

வாயும் கஞ்சியும்

வாய்க்கு அதிமதுரம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரைத் துணியில் நனைத்துத் துடைப்பது, உதட்டுக்கு நெய். அதிமதுரத்தை விழுங்கக் கொடுக்கவில்லை. தொடர்ந்து உள்ளே போனால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். நாக்கின் வெள்ளைப் படலம் பூஞ்சைத் தொற்று. அதற்குக் குழு கொடுத்த சொட்டுமருந்துதான் வேலை செய்தது.

சாப்பாட்டில்தான் அம்மாவோடு எனக்கு நாளெல்லாம் வாதம். "துன்னாதானே தெம்பு வரும்? பட்டினி போட்டா சாவடிக்கறது?" வஞ்சிரக் குழம்பு வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி ஊட்டுவார், அவர் இருமுவார், புரை ஏறும். எங்கள் நூல்கள் பலவீனமான செரிமானத்துக்குச் சோற்றைப் படிப்படியாக இளக்குகின்றன: பருக்கையே இல்லாத தெளிவு மண்டம், கொஞ்சம் பருக்கையோடு பேயா, அப்புறம் கெட்டியான விலேபி. நெல்லுப்பொரியில் வைத்த தெளிவுக் கஞ்சி, ஒரு சிட்டிகை இந்துப்பு, சுக்குத் தூள். இரண்டு மேசைக்கரண்டி போதும், அதுவும் அவர் கேட்டால். உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால்தான் பசி இல்லை, பசி இல்லாததால் உடம்பு அடங்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் குழம்பிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைக்கலாம், ருசிக்கு, என்றதும் அங்கே சமாதானமானோம்.

இளநீர் கேட்டார். அதற்குள் சிறுநீர்ப்பாதை அடைத்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 3.8க்கு ஏறியிருந்தது. இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் கெட்டவருக்கு அது இதயத்துக்கே ஆகாது. வேறு நோயாளி என்றால் கண்டிப்பாக மறுத்திருப்பேன். இவருக்கு ஸ்பூனில் இரண்டு வாய் கொடுங்கள் என்றேன். குழு மருத்துவரும் அதையே சொன்னார்.

பஸ்பம்

உறவுக்காரர் ஒருவர் சின்ன பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தார். சாம்பல் நிறப் பொடி. நாற்பதாயிரம் ரூபாயாம், கட்டியைக் கரைத்துவிடுமாம். தயாரித்தவர் பெயர், உரிம எண், தொகுதி எண் எதுவும் இல்லை. சட்டப்படி, மருந்து விதிகளின் அட்டவணை இ(1)இல் உள்ள நச்சுச் சரக்குகள் சேர்ந்த ஆயுர்வேத, சித்த மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில்தான் உண்ணவேண்டும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. பாதரசமோ ஈயமோ கலந்திருந்தால், செயலிழந்துகொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது கடைசி அடி.

உறவுக்காரருக்கு என்மேல் கோபம். "நீங்களே ஆயுர்வேதம், நீங்களே வேணாங்கறீங்க" என்றார். உரிமம் பெற்ற நல்ல கம்பெனி ரச (பாதரச) மருந்தாக இருந்தாலும் இந்த நிலையில் எழுதியிருக்க மாட்டேன் என்று சொன்னேன். சரகர் சூத்திர ஸ்தானம் 10இல் நோய்களைத் தீர்பவை, அரும்பாடுபட்டுத் தீர்பவை, தீராமல் தள்ளிக்கொண்டு போகக்கூடியவை, கைவிட வேண்டியவை என்று பிரிக்கிறார். தீராததைத் தீர்க்கப் புறப்படுகிற மருத்துவன் பொருளும் பேரும் இழப்பான் என்றும் எச்சரிக்கிறார். அதற்கு முந்தைய அத்தியாயத்தில், நோயாளியிடம் இரக்கத்தையும், முடிவை நோக்கிப் போகிறவரிடம் நோயோடு மல்லுக்கட்டாமல் விடுவதையும் ஒரே சுலோகத்தில் வைக்கிறார். சிகிச்சையை விட்டாலும் இரக்கத்தை விட அங்கே அனுமதி இல்லை. டப்பா திரும்பிப் போனது. பணம் திரும்பியதா என்று நான் கேட்கவில்லை.

அதே வாரம் அவருக்குக் கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தது, பகலெல்லாம் மயக்கம். எண்ணெய்தான் ஒத்துக்கவில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு. காரணம் சிறுநீரகம். மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீரில் வெளியேற வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் இப்படித்தான். குழு மருத்துவர் அளவைக் குறைத்து இடைவெளியை எட்டு மணி நேரமாக்கினார். இரண்டாம் நாளே தெளிந்தார். இந்த நேரத்தில் தூக்கத்துக்கென்று நான் அமுக்கராவோ (அஸ்வகந்தா) வேறு சூரணமோ சேர்த்திருந்தால், எது எதனால் என்று யாருக்கும் விளங்கியிருக்காது. கடைசிக் கட்டத்தில் ஆயுர்வேத மருத்துவர் வாய்வழி மருந்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எத்தினி நாளு?"

குடும்பம் அவரிடம் புற்றுநோய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. 'முதுகுல தேய்மானம்' என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் மற்றவர்கள் வெளியே இருக்கும்போது என்னிடம் கேட்டார்: "டாக்டரம்மா, எனுக்கு இன்னும் எத்தினி நாளு?"

சரக சம்ஹிதையில் இந்திரிய ஸ்தானம் என்று 12 அத்தியாயங்கள், சாவின் அறிகுறிகளுக்காகவே இருக்கின்றன. கூர்ந்து பார்த்து எழுதியவையும் சகுனங்களும் அதில் கலந்து கிடக்கின்றன. குரல், நிறம், மூச்சு, உடல் வாசனை மாறுவதைச் சொல்லும் பகுதிகளை இன்றைக்கும் படிக்கலாம். தலையில் சாணித்தூள் மாதிரி எண்ணெய்ப்பசையோடு பொடி உதிர்ந்தால் ஒரு மாதம், மருத்துவரைக் கூப்பிட வந்த ஆளின் தோற்றத்தை வைத்துக் கணிப்பது போன்றவற்றை நான் பயன்படுத்துவதில்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு விதி: மரணம் நெருங்குவது தெரிந்தாலும் கேட்காமல் சொல்லாதே, கேட்டாலும், நோயாளிக்கோ வேறு யாருக்கோ அது கேடு செய்யும் இடத்தில் சொல்லாதே.

இந்த விதியைக் காட்டித்தான் பலர் நோயாளியிடம் மறைக்கச் சொல்கிறார்கள். இவர் விஷயத்தில் கேடு செய்தது மறைத்ததுதான். பென்ஷன் கணக்கில் வாரிசு பெயர் மாற்றவில்லை. திருவொற்றியூரில் இருக்கும் தம்பியோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேட்டவரிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா?" என்றேன். "தாவு தீந்துடுச்சு, தெரியுது. இவங்கதான் நடிக்கறாங்க" என்றார். நாள் கணக்குச் சொல்ல யாராலும் முடியாது, மாதக் கணக்கு இல்லை, பார்க்க வேண்டியவர்களை இந்த வாரமே கூப்பிடுங்கள் என்று சொன்னேன். மனைவியும் மகனும் இருக்கும்போது குழு மருத்துவர் மறுபடி எல்லாவற்றையும் பேசினார். தம்பி வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, குழாய் போடக்கூடாது என்று அவரே சொன்னார். முன்கூட்டியே இப்படி எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். இவருக்கு அந்தக் காகிதம் வரை போக நேரமில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லில் நின்றதால் தேவைப்படவும் இல்லை.

கடைசி நாட்கள்

புண் ஆழமாகி வாடை வந்தது. ஜாத்யாதி தைலம் போடுங்கள் என்று எனக்கே யோசனை சொன்னவர்கள் உண்டு. அதில் துத்தம் (காப்பர் சல்பேட்) சேரும். மேலோட்டமான புண்ணுக்குப் போடுவேன், இதற்கு இல்லை. செவிலியர் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினார், வாடை வெகுவாக அடங்கியது. நடுவில் கரண்ட் போய் ஏர் பெட் இறங்கிய ராத்திரி, தலையணைகளை அண்டைக் கொடுத்து முறை போட்டுத் திருப்பிப் படுக்கவைத்தார்கள்.

விழுங்குவது நின்றபின் மார்ஃபினைத் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கக் குழு ஏற்பாடு செய்தது. தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது அம்மா பதறினார். ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் பாதி குறைந்தது. அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் வேதனை, பெரும்பாலும் அவருக்கு இல்லை என்று சொன்னேன். நஸ்யம், அதாவது மூக்கில் மருந்து, போடலாமா என்று மகன் கேட்டார், கூடாது. என் பக்கத்திலிருந்து மிஞ்சியது உதட்டுக்கு நெய், கைக்கும் வலது பாதத்துக்கும் எண்ணெய், இவ்வளவே. விடியற்காலையில் இறந்தார். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தார்கள். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினார்கள்.

வீட்டில் இறந்தால் மரணக் காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதிக் கொடுக்க மருத்துவர் வேண்டும். இல்லையென்றால் மயானத்திலும் மாநகராட்சியிலும் அலைச்சல். குழு மருத்துவரிடம் முன்பே பேசிவைத்திருந்ததால் காலையிலேயே கிடைத்தது. மூலக்கொத்தளத்தில் அடக்கம். மிச்சமிருந்த மார்ஃபினை மகன் எண்ணி எழுதி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்தார்.

அம்மா இப்போது முதுகுவலிக்காக என்னிடம் வருகிறார். புரட்டிப் புரட்டித் தூக்கியதில் வந்த வலி. இவருக்கு மட்டும் அமுக்கித் தேய்க்கலாம்.